அருவியில் குரங்கு, மலைச்சாலையில் யானை: நாங்கள் செய்தது சரியா?

பாளை_அம்மா | செவ்வாய், மாலை 5:40

காலாண்டு லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் மலைப்பக்கம் போய் வந்தோம். நான், வீட்டுக்காரர், மாமியார், பெரியவள் (9 வயது), சின்னவன் (5 வயது). சனிக்கிழமை பாபநாசத்தில் அகத்தியர் அருவி. ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கி மாஞ்சோலை. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். இத்தனை வருஷத்தில் காட்டு மிருகத்தை அதன் இடத்திலேயே பார்த்தது இதுதான் முதல் தடவை. இரண்டு சம்பவம் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலாவது அருவியில். குளித்து முடித்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். மகள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தாள். அந்தச் சரசரச் சத்தம் கேட்டதுதான் தாமதம், பாறை மேலிருந்து ஒரு பெரிய ஆண் குரங்கு இறங்கி வந்து பாக்கெட்டின் மறுமுனையைப் பிடித்துவிட்டது. இவள் விடவில்லை, இழுத்தாள். அது பல்லைக் காட்டிவிட்டு இவள் முன்கையில் ஒரு கீறு கீறி, பாக்கெட்டோடு போய்விட்டது. இரண்டு கோடு, லேசாக ரத்தம் கசிந்தது. அருவித் தண்ணீரிலேயே கழுவினோம், மாமியார் மஞ்சள் வைத்தார்கள். வரும் வழியில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். கீறல்தானே என்று டிடி ஊசி மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். காயம் இப்போது காய்ந்துவிட்டது.

இரண்டாவது, ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்கு மாஞ்சோலையிலிருந்து இறங்கும்போது. மஞ்சு மூடியிருந்தது. ஒரு வளைவில் டிரைவர் மெதுவாக பிரேக் போட்டு நிறுத்தினார். முப்பது நாற்பது அடி முன்னால் சாலையோரம் ஒரு பெண் யானை, அதன் காலுக்கிடையில் குட்டி. பின்னால் வந்த கார்க்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் படம் எடுக்கக் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். நான் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். யானை எங்கள் பக்கம் திரும்பிக் காதை விரித்து நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் குட்டியைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டது.

அடுத்த தடவை இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவிலி_அம்பை | செவ்வாய், மாலை 6:05

தங்கச்சி, யானையை அப்புறம் பேசலாம். முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்போதே கிளம்புங்கள். பக்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரி எதுவானாலும் சரி. பாளையங்கோட்டையில் இருப்பதால் ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள், ராத்திரியானாலும் அவசரப் பிரிவு இருக்கும்.

டிடி ஊசி ரணஜன்னிக்கு. வெறிநோய்க்கு அது எந்த விதத்திலும் உதவாது. நாய்க்கடிக்கு என்ன செய்வோமோ அதையேதான் குரங்குக் கீறலுக்கும் செய்ய வேண்டும். ரத்தம் கசிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வெறிநோய்க் கணக்கில் அது மூன்றாம் வகை, அதாவது மிக ஆபத்தான வகைக் காயம். தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். "குரங்கு கீறி ரத்தம் வந்தது, மூன்று நாள் ஆகிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று நாள் தாமதமாகிவிட்டதே என்று பயந்து போகாமல் இருந்துவிடாதீர்கள், இப்போது தொடங்கினாலும் பலன் உண்டு. அறிகுறி வந்த பிறகுதான் வைத்தியம் கிடையாது. காயம் காய்ந்துவிட்டது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

அரசு ஆஸ்பத்திரிகளில் தோலுக்குள் போடும் முறைதான். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு தடவையும் இரண்டு கையிலும். இன்று செவ்வாய் தொடங்கினால் வெள்ளி, அடுத்த செவ்வாய், அப்புறம் நான்காவது வாரச் செவ்வாய். காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள். காசு எதுவும் கிடையாது.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். கடித்தாலும் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. எங்கள் வார்டுக்குக் காயத்தில் காப்பித்தூள் அப்பிக்கொண்டு வராத மாதமே இல்லை. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கழுவவே முடியும், பிள்ளைகள் கதறும்.

போய்விட்டு வந்து ஒரு வரி எழுதுங்கள்.

பாளை_அம்மா | செவ்வாய், மாலை 6:11

கிளம்பிவிட்டோம் அக்கா.

நாலுமுக்குக்காரன் | செவ்வாய், இரவு 8:30

பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள். யானை பற்றி நான் எழுதுகிறேன், தங்கச்சி வந்து பார்க்கட்டும்.

நான் மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் தேயிலை எடுத்தவர்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த காடு அது. மூன்று தலைமுறை அங்கே இருந்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டோம். யானை நடமாடும் வழியில்தான் பள்ளிக்கூடம் போனேன்.

யானை கண்ணில் படுவதற்கு முன்பே காதும் மூக்கும் சொல்லிவிடும். ஈத்தல் (மெல்லிய காட்டு மூங்கில்) புதரில் படக் படக் என்று ஒடியும் சத்தம் கேட்டால் அங்கே நிற்க வேண்டும். மாட்டுத் தொழுவ வாடையும் புளித்த தழை வாடையும் கலந்து ஒரு நெடி வரும், ஒரு தடவை பழகிவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. சாலையில் யானை லத்தி (சாணம்) கிடந்தால் அப்பா குனிந்து, தொடாமல் உள்ளங்கையை மேலே காட்டுவார். சூடு தெரிந்தால் அன்றைக்கு அந்த வழி கிடையாது, சுற்றிப் போவோம். நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்துப் போனால் வாத்தியார் "யானையா?" என்று மட்டும் கேட்பார். வேறு காரணம் கேட்க மாட்டார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குட்டியோடு ஒரு பெண் யானை சாலையில் நின்றால் அது தனியாக வந்திருக்காது. அக்கா, சித்தி, பாட்டி என்று கூட்டமே அக்கம்பக்கத்தில் இருக்கும். பாதி சாலைக்கு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். வண்டி நடுவில் நுழைந்தால் குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் நுழைந்ததாக ஆகிவிடும். அதுதான் பெரிய ஆபத்து. உங்கள் டிரைவர் தூரத்திலேயே நிறுத்தியது மிகச் சரி. இன்னும் தள்ளி நிறுத்தியிருந்தால் இன்னும் நல்லது, ஆனால் மஞ்சில் அதற்கு வழியில்லை.

காதை விரித்து நின்றது என்றீர்களே, அது எச்சரிக்கை. நான் இருக்கிறேன், அங்கேயே நில் என்று சொல்கிறது. சில சமயம் நாலு எட்டு ஓடி வந்து, மண்ணை உதைத்துவிட்டு நின்றுவிடும். அதுவும் பெரும்பாலும் மிரட்டல்தான். ஆனால் இது மிரட்டல்தானே என்று யாரும் கணக்குப் போட்டு நிற்காதீர்கள். காதை உடம்போடு ஒட்டி, தும்பிக்கையைச் சுருட்டி, தலையைத் தாழ்த்திச் சத்தமில்லாமல் வந்தால் அது வருவதற்காகவே வருகிறது. அதன் ஓட்டத்துக்கு நம்மால் ஓடவே முடியாது. சரிவில் இறங்கி ஓடினால் யானை வராது என்று ஒரு பேச்சு உண்டு. உங்கள் யானை எப்படிப் போனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், குட்டியோடு சரிவில்தானே இறங்கியது?

வீட்டுக்காரர் காலைக் கீழே வைத்ததைப் பற்றி. வண்டிக்குள் இருக்கும்வரை அதற்கு நாம் ஒரு பெட்டி. இறங்கிய நொடியில் மனுஷன். மனுஷன் என்றால் என்ன என்று அந்தக் காட்டு யானைகளுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் சட்டையைப் பிடித்து இழுத்ததுதான் அன்றைக்கு நடந்த நல்ல காரியம்.

இன்னொன்று. கடைசி யானை போய்விட்டது என்று நாம் நினைப்பதற்கும் உண்மையிலேயே கடைசி யானை போவதற்கும் நடுவில் பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷம் அப்பா பீடியைக்கூடப் பற்றவைக்க மாட்டார்.

கல்லிடை_வேன் | செவ்வாய், இரவு 9:15

அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. நான் மணிமுத்தாறு, மாஞ்சோலை வண்டி ஓட்டுகிறவன். அவர் எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன், இன்ஜின் விஷயம். யானையைப் பார்த்ததும் பலர் இன்ஜினை அணைத்துவிடச் சொல்கிறார்கள். நான் அணைக்க மாட்டேன். அது மலைச்சாலை, ஒரு பக்கம் பள்ளம். அது நம்மை நோக்கி வந்தால் பின்னால் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணும் சத்தம் அதன் காதுக்குப் பக்கத்தில் வெடி போட்ட மாதிரி. அதனால் மெதுவாக ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், லைட்டைத் தாழ்த்தி வைத்திருப்பேன்.

பின்னால் ஹார்ன் அடித்த கார்க்காரர் போல வாரம் ஒருத்தரைப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் நான் முன்னால் நின்றால் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி அமர்த்துவேன். பாதிப் பேர் புரிந்துகொள்கிறார்கள். சவாரிக்கு வருகிறவர்களிடம் கீழே செக்போஸ்டிலேயே சொல்லிவிடுவேன்: நான் நிறுத்தினால் பேச்சு நிற்க வேண்டும், கண்ணாடி ஏற வேண்டும். இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும் என்று வனத்துறை சொல்வது நமக்காக. சாயங்காலம் அந்தச் சாலை அதுகளுக்கு.

நாலுமுக்குக்காரன் | செவ்வாய், இரவு 9:28

தம்பி, தூரமாக இருந்தால் அணைப்பதுதான் நல்லது என்பது என் அனுபவம். சத்தம் நின்றால் அதன் உடம்பு தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம், வால் ஆடத் தொடங்கும். ஆனால் முப்பது அடியில் நீங்கள் சொல்வது சரிதான். நான் நடந்தே பழகியவன், நீங்கள் ஸ்டீயரிங்கில் இருப்பவர்.

தென்காசி_கேமரா | செவ்வாய், இரவு 9:50

கொஞ்சம் மாற்றுக் கருத்து. எல்லாவற்றுக்கும் பயம் காட்டினால் பிள்ளைகள் காட்டை எப்படித்தான் நேசிப்பார்கள்? நான் பத்து வருஷமாகப் படம் எடுக்கிறேன். காட்டுமாட்டை வண்டியிலிருந்து இறங்கி, நடந்து போய் எடுத்திருக்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. குதிரைவெட்டிப் பக்கம் மேயும் கூட்டம் மனுஷனைப் பார்த்துப் பழகியதுதான்.

கல்லிடை_வேன் | செவ்வாய், இரவு 9:58

சார், நல்ல லென்ஸ் இருக்கிறவர் எதற்கு இறங்க வேண்டும்? முதிர்ந்த காட்டுமாட்டுக் கிடா ஆயிரம் கிலோ வரை வரும். அது மூச்சை ஒரு தடவை உஸ்ஸென்று விட்டால் அதற்கு மேல் எச்சரிக்கை கிடையாது. பத்து வருஷம் ஒன்றும் செய்யவில்லை என்பதற்காகப் பதினோராவது வருஷமும் செய்யாது என்று இல்லை. உங்களைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் வருகிற கல்லூரிப் பையன்களும் இறங்குவார்கள், எனக்கு அந்தக் கவலைதான்.

பாளை_அம்மா | செவ்வாய், இரவு 11:20

வந்துவிட்டோம். ஹைகிரவுண்டில் காயத்தைத் திரும்பவும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். கீறலைச் சுற்றி அந்த இம்யூனோகுளோபுலின் போட்டார்கள், அப்புறம் இரண்டு கையிலும் தடுப்பூசி. மகள் அழுதாள், ஆனால் கையை இழுக்கவில்லை. செவிலி அக்கா, நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நாங்கள் போயிருக்கவே மாட்டோம். மாமியாரும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.

மற்ற எல்லாவற்றையும் வீட்டுக்காரரை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். "பெட்டி, மனுஷன்" என்ற இடத்தில் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

களக்காடு_வாழை | புதன், காலை 6:20

பிள்ளை நன்றாக இருக்கட்டும். மனதில் உள்ளதைச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் வருஷத்துக்கு இரண்டு நாள் பார்ப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். எனக்கு மலையடிவாரத்தில் ஏத்தன் வாழை. பன்றி வந்து கிழங்கைத் தோண்டினால் ஒரு ராத்திரியில் நாற்பது மரம் சாய்ந்துவிடும். இழப்பீட்டுக்கு மனு எழுதி, படம் எடுத்து, அலைந்து, கைக்கு வரும்போது அடுத்த போகமே முடிந்திருக்கும். 2024 மே மாதம் பாபநாசம் பக்கம் வேம்பையாபுரத்தில் ஆட்டைப் பிடித்த சிறுத்தையைக் கூண்டு வைத்துப் பிடித்தார்களே, அந்த மாதம் எங்கள் ஊரிலும் பெண்பிள்ளைகள் சாயங்காலம் ஆற்றுக்குப் போகவில்லை.

மிருகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தின்பண்டம் போடுகிற மனுஷர் மேல்தான். களக்காட்டுத் தலையணை ஆற்றுக்குக் குளிக்க வருகிறவர்கள் மிச்சச் சோற்றைப் பாறையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். குரங்குக்குப் போட்டால் புண்ணியமாம். ஆட்கள் கூட்டம் இல்லாத செவ்வாய், புதன்கிழமைகளில் அந்தக் குரங்கு எங்கே போகும்? என் வீட்டு ஓட்டைப் பிரித்துக்கொண்டு உள்ளே இறங்கும். எச்சில் இலைக்குப் பன்றி வரும், பன்றியையும் நாயையும் தேடிச் சிறுத்தை வரும். எல்லாம் அந்தப் பாறையில் கொட்டிய சோற்றில் தொடங்குகிறது.

கரடி பற்றி யாரும் எழுதவில்லை. யானையைவிட எனக்கு அதைப் பற்றித்தான் பயம். போன கார்த்திகையில் விடியக்காலம் தண்ணீர் திருப்பப் போனேன். வரப்பு முடிகிற இடத்தில் கறையான் புற்று. அதற்குள் தலையை விட்டு உர் உர் என்று உறிஞ்சிக்கொண்டிருந்தது, பழைய மோட்டார் தண்ணீர் இழுக்கிற சத்தம் போல. நகம் என் விரல் நீளம். நாற்றம் பிடிக்கிற அளவுக்கு அதற்குக் கண் பார்வை கிடையாது. தின்னும்போது காதும் கேட்காது. காற்று என் பக்கம் அடித்ததால் என் வாடை அதற்குப் போகவில்லை. அப்படித் தெரியாமல் பக்கத்தில் போய் மிதித்த மாதிரி நிற்கும்போதுதான் அது பதறி முகத்தில் பிறாண்டுகிறது. நான் மண்வெட்டியை ஓங்கவில்லை, ஓடவும் இல்லை. "போ சாமி, போ" என்று மெதுவாகப் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். அது இரண்டு காலில் எழுந்து நின்று மூக்கைத் தூக்கி மோந்தது. அப்படி நிற்பது அடிக்க அல்ல, என்ன என்று பார்க்க. பத்து எட்டு பின்னால் போனதும் அது தன் வழியில் போய்விட்டது. அன்று முதல் வரப்பில் நடக்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டே போகிறேன்.

தென்காசி_கேமரா | புதன், காலை 8:45

களக்காடு அண்ணாச்சி எழுதியதைப் படித்தேன். வேன் தம்பி சொன்ன அந்தக் கல்லூரிப் பையன்கள் விஷயத்தை நான் யோசித்ததில்லை, இனி இறங்குவதில்லை. ஆனால் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

காக்காச்சி_நாட்கள் | புதன், மதியம் 1:10

கூட்டிப்போகத்தான் வேண்டும் சார். ஆய்வுக்கு வந்தவர்களோடு உதவியாளாகக் காக்காச்சியில் இரண்டு மழைக்காலம் இருந்திருக்கிறேன். பிள்ளைகளிடம் காட்ட எவ்வளவோ இருக்கிறது.

பாளை அக்கா பார்த்தது நாட்டுக்குரங்கு. மேலே சோலைக்குள் இருப்பது சோலைமந்தி, சிங்கவால் குரங்கு என்பார்கள். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1976-இல் களக்காடு சரணாலயம் ஆனதே இதற்காகத்தான். அப்புறம் 1988-இல் முண்டந்துறையும் களக்காடும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது.

இது மரத்தை விட்டு அதிகம் இறங்காது. வெடிப்பலா என்று ஒரு மரம், காய் முழுக்க முள். அந்த முள்ளுக்காயைப் பிஞ்சிலேயே பறித்து, பல்லால் பிளந்து விதையைத் தின்னும். நான் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பேன், காய்த்தொலி முள்ளோடு வந்து தோளில் விழும். அதற்கு நாம் தருவதற்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் மேலேயே இருக்கிறது. வால்பாறையில் புதுத்தோட்டத்துக் கூட்டம் சாலைக்கு இறங்கப் பழகி, வீடுகளுக்குள் நுழைந்து, வண்டியில் அடிபட்டுச் சாகிறது. இங்கே அப்படி ஆகக் கூடாது என்பதுதான் என் ஆசை.

பிள்ளைகளோடு போகிறவர்கள் அதிகாலையில் போங்கள். வண்டி நிறுத்த அனுமதி உள்ள இடத்தில் நிறுத்தி, பத்து நிமிஷம் வாயைத் திறக்காமல் இருங்கள். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒவ்வொன்றாக வரும். மலையணில் கத்தும், கருமந்திக் குரங்கு ஊக் ஊக் என்று கூப்பிடும். கருமந்தி திடீரென்று குரலை மாற்றிக் கரகரவென்று கத்தினால், அல்லது மிளா (கடமான்) டாங்க் என்று ஒரு குரல் கொடுத்தால், சிறுத்தையோ கடுவாயோ (புலியோ) பக்கத்தில் நடக்கிறது என்று அர்த்தம். இரண்டு மழைக்காலத்தில் நான் கடுவாயைப் பார்த்தது ஒரு தடவைகூட இல்லை. மிளா சொல்லித்தான் அது போன வழி எனக்குத் தெரியும்.

அட்டை பற்றி ஒரு வார்த்தை. பிய்த்து எடுக்காதீர்கள், நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தை ஓரமாகத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம்.

விகேபுரம்_விக்கி | புதன், மாலை 4:30

ஆடி அமாவாசைக்குக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்தய்யனார் கோயிலில் குடும்பத்தோடு குடில் போட்டுத் தங்குவோம். சோற்றுப் பானையை ராத்திரி எங்கே வைப்பது என்பதுதான் எப்போதும் பிரச்சினை. யாராவது வழி சொல்லுங்கள்.

களக்காடு_வாழை | புதன், மாலை 5:15

மிச்சம் வைக்காமல் சமையுங்கள் தம்பி. மீந்தால் மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் போட்டு வண்டிக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். குடிலுக்குள் தலைமாட்டில் வைக்காதீர்கள். வாழைப்பழத் தாரைக் குடில் கம்பில் தொங்கவிடவே வேண்டாம்.

நாலுமுக்குக்காரன் | புதன், இரவு 7:00

வாழைப்பழம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 ஜூனில் தேனி மாவட்டம் கம்பம் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் யானையை நம் காப்பகத்தில் கொண்டுவந்து விட்டார்களே, அந்தச் செப்டம்பரில் அது நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் வந்து வாழையைத் தின்றது. எங்கள் சித்தப்பா அப்போது மேலே இருந்தார். ராத்திரி முழுக்க லைட்டை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, அது வாழைத்தண்டை மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாராம். அரிசிக்கும் வாழைக்கும் வீட்டை இடித்துப் பழகிய யானை அது. அதற்கு அந்த ருசியைக் காட்டியது யார் என்று சித்தப்பா கேட்டுக்கொண்டே இருப்பார்.

பாளை_அம்மா | வெள்ளி, மாலை 6:40

இன்று இரண்டாவது தவணை போட்டாகிவிட்டது. எல்லோரும் எழுதியதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அரைப் பரீட்சை லீவுக்குக் களக்காடு தலையணை போகலாம் என்று இருக்கிறோம். பாக்கெட் எதுவும் வாங்கவில்லை, புளியோதரை எவர்சில்வர் டப்பாவில், அதுவும் வண்டிக்குள் வைத்துத்தான் சாப்பாடு. "குரங்கு மேல் கோபமா?" என்று மகளிடம் கேட்டேன். "நான் பாக்கெட்டை விட்டிருந்தால் அது கீறியிருக்காது அம்மா" என்றாள். அவள் மேல் தப்பில்லை, அந்தப் பாக்கெட்டை வாங்கிக் கொடுத்தவள் நான்.

செவிலி_அம்பை | நான்காவது வாரச் செவ்வாய், காலை 11:00

தங்கச்சி, இன்று 28-ஆம் நாள். போட்டாயிற்றா?

பாளை_அம்மா | நான்காவது வாரச் செவ்வாய், மதியம் 12:25

இப்போதுதான் அக்கா, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறோம். சீட்டில் நாலு கட்டத்திலும் கையெழுத்து வாங்கிவிட்டேன்.